ஒரு நகர்வைத் தொலைத்தல்

கிளாராபிளாட்ஸில் வண்டி கைமாற
நாற்பது விநாடி.
பேயாத் இறங்குவான், நான் ஏறுவேன்.
இருக்கையில் அவன் சூடு ஆறியிருக்காது.
கைப்பிடிக்கு அடியில் நாலாய் மடித்த ஒரு துண்டுச் சீட்டு.
மூன்று வருடமாக நாங்கள் பேசியதை
ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு தேநீருக்குக் காணாது.

இன்று பென்சிலில் ஐந்தே காய்கள்.
வெள்ளைக்கு ராஜாவும் இரண்டு சிப்பாயும்,
கறுப்புக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும்.
வெள்ளை ஆடும், வெல்லும்.
"வெல்லும்" என்பதை மட்டும்
தாள் கிழியுமளவு அழுத்தி எழுதுவான்.

சனிக்கிழமை. எட்டாம் எண் டிராம் நிறைய
வெறும் பைகள்.
பாஸல்காரருக்கு எல்லை தாண்டினால் இறைச்சி மலிவு.
திரும்பும்போது அதே பைகள் புடைத்து,
அதே ஆட்கள் கையில்
சுங்கம் முத்திரை குத்திய பச்சைச் சீட்டோடு.

வைல் நிலையத்தின் வளையத்தில் எனக்கு ஆறு நிமிடம்.
முதலில் நேராகத்தான் போனேன்.
ராஜா ஓரடி, சிப்பாய் ஓரடி, செக்,
பிறகு ராஜா இன்னும் ஓரடி.
கறுப்பு ராஜா கடைசி வரிசையில் நின்றுவிட்டான்.
அவனை யாரும் தாக்கவில்லை.
நகரத்தான் ஒரு கட்டமும் இல்லை.
தோல்வி இல்லை அது, டிரா.
இந்த நிலை எனக்குத் தெரியும்.
ஆராவில் ஒரு விடுதியில்
மூன்றரை வருடம் இருந்திருக்கிறேன் இதில்.
யாரும் அடிக்கவில்லை.

அடுத்த சுற்றில் பக்கத்தால் போய்ப் பார்த்தேன்.
நான் மணி அடிக்குமுன்பே
கதவைத் திறந்து எதிரே நின்றான்.

இவ்வளவும் இதே கட்டங்கள்,
ஆனால் ஆட வேண்டியவன் அவனென்றால்
அவன் கதை முடிந்தது.
நிற்கும் இடத்தில் பிழை இல்லை.
முறையில்தான்.

கிளைன்ஹூனிங்கனில் திரை சொன்னது:
இரண்டு நிமிடம் முந்தி.
எங்கள் வேலையில் பிந்தினால் மன்னிப்பு உண்டு,
முந்தினால் இல்லை.
முந்திப் போன வண்டியின் பின்னால்
கையசைத்து ஓடும் ஒருத்தி எப்போதும் இருக்கிறாள்.
அதனால் தொலைக்கப் பழகியிருக்கிறேன்:
பிரேக்கை அரை விரல் முன்னதாகத் தொட்டு,
எரியும் பச்சை விளக்கைப் பார்த்தபடி
சிவப்புக்குக் காத்திருந்து,
கதவை இன்னொரு முறை திறந்து.

"ஏன் நிற்கிறோம்?" கண்ணாடியைத் தட்டினார்
பன்றித் தொடையை மடியில் வைத்திருந்தவர்.
சீக்கிரம் வந்துவிட்டோம், என்றேன்.
சொன்ன வாய் மூடவில்லை,
பார்த்துவிட்டேன்.

டி-ஐந்திலிருந்து பின்வாங்கி சி-நான்கு.
அங்கிருந்து டி-நான்கு.
அங்கிருந்து மறுபடி டி-ஐந்து.
மூன்று அடி நடந்து
புறப்பட்ட இடத்துக்கே.
அதற்குள் அவன் டி-எட்டுக்குப் போய்
சி-எட்டுக்குத் திரும்பியிருப்பான்,
பி-எட்டுக்குப் போனாலும் எட்டுத்தான்.
இப்போது முறை அவனுடையது.

அந்தப் பக்கம் துறைமுகம், ரைன்,
மூன்று நாடும் தொட்டுக்கொள்ளும் முனை.
முக்கோணமாக நடக்க இடம் உள்ளவனுக்கு
ஒரு நகர்வைத் தொலைக்க முடிகிறது.
போனால் வரவேண்டும், வந்தால் போகவேண்டும்
என்றிருப்பவனிடம்
தொலைக்க எதுவும் இல்லை.

பேயாத், நான் கணக்குப் போட்டது வெள்ளைக்கு.
காலையிலிருந்து ஓட்டியது
கறுப்பை.

வளையத்தில் மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில்
சீட்டைத் திருப்பி உன் விடையை எழுதினேன்,
சி-நான்கு மட்டும், மிச்சம் உனக்கே தெரியும்.
பக்கத்தில் அதே ஐந்து காய்களை வரைந்தேன்,
கறுப்புச் சிப்பாயை மட்டும்
ஒரு கட்டம் தள்ளி.
தப்புவானா என்று நான் பார்க்கவில்லை.
கறுப்பு ஆடும், என்று எழுதினேன்.
காற்புள்ளி போட்டேன்.
மணி அடித்தது.